ஒன்றரை வயது உண்ணாவிரதி

இந்த நாட்டில் மெய்யாகவே உண்ணாவிரதம் இருக்கிறவர்கள் ஒன்றரை வயதுக்காரர்கள் மட்டும்தான். மற்றவர்களெல்லாம் காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே பந்தல் போட்டு, குளிரூட்டி வைத்து, பழரசத்தோடு முடித்துக்கொண்ட பேர்வழிகள். ஒன்றரை வயதுக்காரனுக்குப் பந்தல் இல்லை, கொடி இல்லை, கோரிக்கைப் பட்டியல்கூட இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொள்வான். தலையை ஒரு பக்கமாகத் திருப்புவான். வீடு ஸ்தம்பித்துவிடும்.

ஆலந்தலையை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். வாசலில் மணல், மணலுக்கு அப்பால் தண்ணீர். பைபர் படகுகள் கரை சேர்ந்தால் நெத்திலியும் சாளையும் காரலும் ஏலத்துக்கு வரும். பிள்ளை வளர்க்க இதைவிடத் தோதான இடம் உண்டா என்று வெளியூர்க்காரனுக்குப் பொறாமையாக இருக்கும். அந்த ஊரிலும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பயல் இந்த நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எந்த வீடு என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான்.

உண்ணாவிரதம் என்றால் பேச்சுவார்த்தைக் குழு வர வேண்டுமே. முதலில் வருகிறவள் பக்கத்து வீட்டு மைனி.

"என்னம்மா, புள்ள இப்படி வத்திப் போயிட்டான்? சோறு கீறு குடுக்கியளா இல்லியா? எங்க வீட்டுப் பய இந்த வயசுல ரெண்டு கிண்ணம் காலி பண்ணுவான்."

சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். அவளுக்கு அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. ஆனால் அந்த வார்த்தை போகாது. 'வத்திப் போயிட்டான்' என்பது தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் மேல் சுமத்தக்கூடிய குற்றச்சாட்டுகளில் கொடியது. மேல்முறையீடு கிடையாது. புருஷன் கடலுக்குப் போயிருப்பான். பிள்ளையின் எடைக்கு அவன் பொறுப்பில்லை. மாமியார் தீர்ப்பை உறுதி செய்வாள். மறுநாள் அந்தப் பெண் ஒரு கிண்ணத்தோடும், கண்ணில் ஒரு வெறியோடும் பிள்ளையைத் துரத்தத் தொடங்குவாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவளை அந்த நிலைக்குத் தள்ளி, தள்ளியதில் காசு பார்த்தவர்கள் மேல்தான் என் கோபம்.

துரத்தலின் முதல் கட்டம் மிரட்டல். 'தின்னு, இல்லேன்னா போலீசு வந்து பிடிச்சிட்டுப் போயிரும்.' தூத்துக்குடி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறோம். 2020 ஜூனில் ஒரு தகப்பனும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்த சாத்தான்குளம் இதே மாவட்டம்தான். ஊரடங்கில் கடை திறந்திருந்ததாகச் சொல்லியே அந்தக் கதி என்றால், இட்லி தின்ன மறுத்ததற்கு என்ன கிடைக்கும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாமல் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

இரண்டாம் கட்டம் மொபைல். பிள்ளையின் முன்னால் அதைச் சாய்த்து வைத்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும். எதைத் தின்கிறோம், எவ்வளவு தின்கிறோம், வயிறு நிறைந்ததா இல்லையா என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. உலகமெங்கும் பிள்ளைகளுக்குச் சோறூட்டும் அந்தப் பிரபலமான ஜானிப் பையன் பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? வாய் நிறையச் சர்க்கரையை வைத்துக்கொண்டு, சர்க்கரை தின்றாயா என்று அப்பன் கேட்டால் இல்லவே இல்லை என்கிறவன் கதை அது. அந்தப் பையன் வளர்ந்து பெரியவனாகி ஏதாவதொரு சத்துப் பானக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் சேர்ந்திருப்பான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் கட்டம் மருந்துக் கடை. 'பசி எடுக்க ஒரு சிரப் குடுங்கண்ணே.' அண்ணன் கொடுப்பார், சீட்டா கேட்கப்போகிறார்? அப்படி விற்கும் பாட்டில்கள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். ஒவ்வாமைக்கென்று வந்த மருந்து. குடித்தால் தூக்கம் வரும், பசியும் கூடும், இரண்டும் பக்கவிளைவுகள். நாம் அந்தப் பக்கவிளைவைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். சில பிள்ளைகளுக்கு மருத்துவர் காரணம் பார்த்து எழுதுவார், அது வேறு விஷயம். கடைப்பலகையில் சாய்ந்து நின்று வாங்குகிற பாட்டில் தீர்ந்ததும், வாங்கி வந்த பசியும் தீர்ந்துவிடும். அடுத்த பாட்டில். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காத நாடு இது. கேட்க வேண்டிய அதிகாரிகளும் கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2025-ல் பார்த்தோம். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள்.

இத்தனை அமர்க்களத்துக்கும் காரணமான குற்றம் என்ன என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகும். மூன்று மடங்கு. மைனியும் மாமியாரும் ஆசைப்படுவதுபோல அதே வேகம் நீடித்தால் இரண்டாவது பிறந்தநாளில் 27 கிலோ. மூன்றாவது பிறந்தநாளில் 81 கிலோ. பைபர் படகில் ஏற்றினால் ஒரு பக்கம் சாயும். இயற்கைக்கு அந்த அளவுக்கு விவரம் இருக்கிறது. இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோ போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். அதே வயதில்தான் நடை வருகிறது, 'வேண்டாம்' என்ற சொல்லும் வருகிறது. புதிதாகக் கிடைத்த அதிகாரத்தைப் பிரயோகித்துப் பார்க்க அவனுக்கு இருக்கும் ஒரே இடம் சோற்றுத் தட்டு.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுமட்ட எடை 11.5 கிலோ, பையனுக்கு 12.2. ஆனால் அந்தப் பெண் 9 கிலோவுக்கு மேலும், பையன் 9.7-க்கு மேலும் இருந்து, மாதாமாதம் கோடு ஏறிக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 10 கிலோ எடையுள்ள, ஓடியாடுகிற, சிரிக்கிற இரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்து 'வத்திப் போயிட்டா' என்று சொல்கிறவளுக்குக் கண்ணில்தான் கோளாறு. இதைத் தாய்மாரிடம் யார் சொல்வது? சொன்னால் டப்பா எப்படி விற்கும்?

டப்பாவுக்கு வருவோம். நாலாம் கட்டமும் இறுதிக் கட்டமும் அதுதான்.

பல வருடங்களாக நம் வீட்டுத் தொலைக்காட்சியில் இரண்டு பிள்ளைகள் வருவார்கள். ஒருத்தன் குடிப்பான், மற்றவன் குடிக்கமாட்டான். குடித்தவன் அலமாரிக்கு மேலே எட்டிப் பிடிப்பான். குடிக்காதவனின் அம்மா தலைகுனிவாள். உயரமாக, வலுவாக, புத்திசாலியாக ஆக்கும் என்று சொன்ன ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒன்று 2008-ல் பிரிட்டனில் ஒரு நேபாளி அலைவரிசையில் ஒளிபரப்பாகிவிட்டது. அந்த நாட்டு விளம்பரத் தர ஆணையம், சொன்னதற்கு ஆதாரம் போதாது, இனி இங்கே காட்டாதே என்றது. அந்த விளம்பரம் உங்களுக்காக எடுத்ததே இல்லை, தெற்காசியாவுக்கானது என்பது கம்பெனி சொன்ன சமாதானம். எவ்வளவு மரியாதையான சமாதானம், பாருங்கள். வெள்ளைக்காரத் தாயிடம் சொன்னால் பொய்; ஆலந்தலைத் தாயிடம் சொன்னால் விளம்பரம்.

2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டா டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, அதில் எவ்வளவு சர்க்கரை என்று ஒரு வீடியோவில் வாசித்துக் காட்டினார். வாசித்ததுதான் அவர் செய்தது. வக்கீல் நோட்டீஸ் வந்தது, அவர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் நாடே டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டது. நூறு கிராம் பொடியில் சேர்த்த சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 37 கிராம். குழந்தைகள் உரிமை ஆணையம் கேள்வி கேட்டது. அந்த வருடம் முடிவதற்குள் கம்பெனி சர்க்கரையைச் சுமார் 14 சதவீதம் குறைத்தது. குறைக்க முடிகிற சர்க்கரையை அத்தனை வருடம் யாருடைய பிள்ளையின் நன்மைக்காக உள்ளே வைத்திருந்தார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலில் இன்னொரு வேடிக்கை. 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகை நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டுபிடித்தது. சட்டம் வந்தது 2006-ல். பதினெட்டு வருடம் கழித்து, இல்லாத ஒன்றின் பெயரில் வியாபாரம் நடக்கிறது என்று விழித்துக்கொண்டு, இணையக் கடைகளிடம் அந்தத் தலைப்பை எடுக்கச் சொன்னார்கள். இந்துஸ்தான் யுனிலீவர் உடனே ஹார்லிக்ஸின் வகைப் பெயரை 'செயல்பாட்டு ஊட்டச்சத்துப் பானம்' என்ற பொருளில் மாற்றிக்கொண்டது. பொடி அதே பொடி. நம் ஊரில் கட்சி மாறுகிறவர்கள்கூட வேட்டிக் கரையையாவது மாற்றுவார்கள்.

அதே 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு நெஸ்லேயின் செரிலாக் பற்றிய ஆய்வை வெளியிட்டது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சர்க்கரை சேர்க்காமல் விற்கிற அதே வகை உணவில், இந்தியாவில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தது. ஐந்து வருடத்தில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டது கம்பெனி. இரண்டு வயதுக்குக் கீழே சேர்த்த சர்க்கரையே கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது. ஐரோப்பியக் குழந்தைக்கு வேண்டாத இனிப்பு இந்தியக் குழந்தைக்கு மட்டும் ஏன் வேண்டியிருக்கிறது? ஒருவேளை நம் பிள்ளைகளின் வாழ்க்கை கசப்பானது என்ற இரக்கமாக இருக்கலாம்.

சட்டம் இல்லாமலில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட சட்டம் சொல்கிறது. அதனால் விளம்பரத்தில் வருகிற பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியிருக்கும். பார்க்கிற அம்மாவின் பிள்ளைக்கு ஒன்றரை. டிவிக்கு வயது கேட்கத் தெரியாது.

டப்பாவின் வேலை நேர்த்தியானது. இனித்த பால் ஒரு தம்ளர் உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்குப் பசி செத்துவிடும். பசி செத்தவன் சோற்றைத் தள்ளுவான். சோற்றைத் தள்ளுகிறானே என்று இன்னொரு தம்ளர். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்து குறையும். இரும்பு குறைந்தால் பசி இன்னும் மங்கும். நோயையும் மருந்தையும் ஒரே டப்பாவில் அடைத்து விற்கிற சாமர்த்தியம் வேறு எந்த வியாபாரத்துக்கும் வாய்க்கவில்லை.

டப்பாவின் முகப்பில் மூளைப் படம் போட்டு 'டிஎச்ஏ உள்ளது' என்று பொன்னெழுத்தில் எழுதியிருப்பார்கள். மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு. அது எதில் நிறைய இருக்கிறது தெரியுமா? சாளையில். ஆலந்தலை மணலில் கொட்டி ஏலம் விடுகிற, மீன்பாடு அதிகமான நாளில் வாங்க ஆளில்லாமல் லாரியேறுகிற அதே சாளையில். கடற்கரையில் உட்கார்ந்து கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கடலில் இருப்பதை டப்பாவில் அடைத்து எங்கிருந்தோ வருவித்து வாங்குகிறோம்.

பிள்ளைக்கு மீன் கொடுக்கலாமே என்றால் பதில் தயார். முள் குத்தும். சளி பிடிக்கும். மந்தம். கிரந்தி வரும். பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பால்சுறாப் புட்டு அவித்துக் கொடுத்த வீடுதான் இது. தாய் தின்றால் மருந்தாக இருந்த மீன் பிள்ளை தின்றால் கிரந்தியாகிவிடுகிறது. சுறாவில் முள் கிடையாது. வெந்த நெத்திலியை விரலால் நசுக்கினால் நடுமுள் கையோடு வந்துவிடும். அதே கையால் பிரித்துக் கொடுக்கிற பிஸ்கட்டுக்கும், ஐந்து ரூபாய் மசாலாப் பொட்டலத்துக்கும் கிரந்தி வருவதில்லை போலும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கரையில் இருப்பவனுக்கெல்லாம் மீன் கிடைத்துவிடுகிறது என்று நினைப்பது உள்நாட்டுக்காரனின் கற்பனை. பாடு இல்லாத வாரங்கள் உண்டு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கிடைக்கிற நாளிலும் நல்ல மீன் ஏற்றுமதிக்குப் போகும், கழிசல் வீட்டுக்கு வரும்; இப்போது கழிசலுக்கும் விலை வந்துவிட்டது. மீன்தூள் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. நம் நாட்டில் இந்தத் தூளில் பெரும்பகுதி இறால், கோழித் தீவனமாகிறது. இறால் அமெரிக்காவுக்குப் போகிறது. ஆக, இங்கத்திய பிள்ளையின் தட்டுக்கு வர வேண்டிய புரதம் உலகத்தைச் சுற்றி யாரோ ஒருவருடைய தட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

இந்தக் கரைக்கு இது பழகிய சங்கதி. கொற்கை முத்து ரோமாபுரிக்குப் போனது என்று பள்ளியில் பெருமையாகப் படித்தோமே, அந்தக் காலத்திலிருந்து நடப்பது. முத்து அரசருக்கும் பிறகு பரங்கிக்கும் போகும். கரையில் கொட்டி அழுகவைத்த சிப்பியின் நாற்றம் முத்துக் குளித்தவனுக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. முத்து தீர்ந்துவிட்டது. நாற்றம் தீரவில்லை. தூத்துக்குடி அருகே பொட்டலூரணியில் மீன் கழிவு ஆலைகளை மூடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்த மக்கள் 2024 நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தார்கள்.

இதுவரை பேசியது சாப்பிட மறுக்கிற பிள்ளையைப் பற்றி. சாப்பாடு இல்லாத பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றி விளம்பரம் வராது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 22 சதவீதம் எடை குறைந்தவர்கள். இரத்தசோகை 57.4 சதவீதம், முந்தைய கணக்கெடுப்பில் அது 50.7. நாட்டிலேயே முன்னேறிய மாநிலம், சமூகநீதி மாநிலம், பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு ரத்தம் போதவில்லை. இந்தியா முழுவதற்கும் பார்த்தால் 67 சதவீதம். பதறிப்போன ஒன்றிய அரசு அடுத்த கணக்கெடுப்பில் ஒரு துணிச்சலான நடவடிக்கை எடுத்தது: இரத்தசோகைப் பரிசோதனையையே நீக்கிவிட்டது. விரல் நுனியில் எடுக்கிற ரத்தம் சரியான அளவைக் காட்டாதாம், வேறு ஆய்வில் வேறு முறையில் பார்த்துக்கொள்வார்களாம். விரல் நுனி ரத்தம் பொய் சொல்லும் என்பது, எண் ஏறிய பிறகுதான் தெரியவந்தது.

அங்கன்வாடியில் ஒரு பிள்ளைக்கு ஊட்டச்சத்துக்கு என ஒரு நாளைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 8 ரூபாய். 2017-ல் நிர்ணயித்தது. கடுமையாக மெலிந்துபோன பிள்ளைக்கு 12. அந்த 8-லும் ஒன்றிய அரசின் பங்கு பாதி. அதாவது 4 ரூபாய். நாலு ரூபாயைக் கொண்டுபோய்க் கடையில் நீட்டினால் ஒரு முட்டைகூடத் தரமாட்டார்கள். தமிழ்நாட்டு அரசு தன் காசையும் போட்டு முட்டையும் சத்துமாவும் கொடுப்பதால் நம் நிலைமை வடக்கைவிடத் தேவலை, சரி. ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தின் சத்துணவுப் பட்டியலில் மீன் என்று ஒரு வரி இல்லை. நாமக்கல் முட்டை ஆலந்தலைக்கு வருகிறது, ஆலந்தலை மீன் தீவனமாகி நாமக்கல் கோழிக்குப் போனாலும் போகும். நேரே நடுவில் இருக்கிற அங்கன்வாடிக்குள் மட்டும் மீன் நுழைய வழியில்லை.

4 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒன்றிய அரசு சும்மா இருக்குமா? ஊழல் நடந்துவிடக் கூடாதே. 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொண்டுபோகிற சத்துமாவை வாங்க போஷன் டிராக்கர் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஆதார் வேண்டும், ஓடிபி வேண்டும், கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும். வாயைத் திறக்காத பிள்ளையின் தாயிடம் முகத்தைத் திறக்கச் சொல்லும் ராஜதந்திரம் இது. சிக்னல் இல்லாவிட்டால் பிள்ளைக்கு அன்றைக்குப் பசியில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதையெல்லாம் செய்கிற அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018-ல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். அவர் எடை போட வேண்டும், சமைக்க வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டும், பதிவேற்ற வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் சரிபார்க்க வேண்டும்.

இதே மாவட்டத்து எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு நடத்திய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தி, அட்டையில் புள்ளி வைத்து, கோடு சரிந்த பிள்ளைக்கு மட்டும் உடனே கூடுதல் உணவு கொடுத்தார்கள். அதை உலகம் வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்குச் செயலி கிடையாது. தராசும் பென்சிலும் இருந்தன. இன்றைக்கு ஆலந்தலைக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறது. விண்ணுக்குப் போகிற பொருளின் எடையை அங்கே கிராம் சுத்தமாகப் பார்ப்பார்கள். வாழ்க.

'இப்படி எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தால் என் பிள்ளைக்கு யார் சோறூட்டுவது' என்று ஒரு தாய் கேட்பது காதில் விழுகிறது. அவருக்காகக் கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்கிறேன்.

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் ஒரு சோதனையைத் தொடங்கினார். பால் மறந்த குழந்தைகள் பதினைந்து பேர் முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளை வைத்து, எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். யாரும் ஊட்டவில்லை, கெஞ்சவில்லை. ஒரு நாள் ஒருத்தன் பழமாகவே தின்பான், இன்னொரு நாள் முட்டையாகவே. நாள் கணக்கில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். மாதக் கணக்கில் பார்த்தால் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். ரகசியம் என்ன என்று கேட்டதற்கு அவரே சொன்னார்: பட்டியலில்தான் சூட்சுமம். அதில் சர்க்கரையோ பாக்கெட்டோ இல்லை. என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது பெரியவர் அதிகாரம். எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் அதிகாரம். நம் வீடுகளில் இது தலைகீழ். என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

ஆகவே மூன்று வேளை சோறு, நடுவில் இரண்டு சிறுதீனி, அவ்வளவுதான் கடை திறந்திருக்கும் நேரம். நடுவில் பால், பிஸ்கட், சர்பத் எதுவும் கிடையாது, தண்ணீர் மட்டும். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள். டீ வேண்டவே வேண்டாம். அது இரும்பை உடம்பில் சேரவிடாது. வயிறு சின்னது என்பதால் கொஞ்சத்திலேயே கனம் இருக்கட்டும்: குழைந்த சோற்றில் ஒரு சின்னக் கரண்டி நெய்யோ தேங்காய் எண்ணெயோ, முட்டை, முள்ளெடுத்த மீன், பொடித்த வேர்க்கடலை, வாழைப்பழம். முழுக் கடலை கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும். எல்லாரும் சாப்பிடும்போது அவனையும் உட்காரவைத்து, தட்டில் அவன் கையையே விடுங்கள். சிந்தும். தரையைக் கழுவிக்கொள்ளலாம். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல், புகழாமல். புதிய கறியை ஒரு தடவை துப்பினான் என்று கைவிட வேண்டாம். பத்து, பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகு வாயில் வைக்கிற பிள்ளைகள் உண்டு. மொபைலை எங்காவது ஒளித்துவையுங்கள், முடிந்தால் மைனியின் வீட்டில்.

இரும்புச்சத்து சிரப் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி, அரசே இலவசமாகத் தர வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஒரு வயதுக்கு மேல் குடற்புழு மாத்திரையும் இலவசம்தான். எடைக்கோடு இரண்டு, மூன்று மாதம் ஏறாமல் நின்றாலோ சரிந்தாலோ, அடிக்கடி காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ, அது அடம் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளையின் புஜத்தை அளக்க ஒரு நாடா உண்டு. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு: கடுமையான மெலிவு, அன்றைக்கே காட்ட வேண்டியது. அந்த நாடாவின் விலை சில ரூபாய். டப்பா வாங்கச் சொன்னவர்களில் எத்தனை பேர் உங்கள் பிள்ளையின் கையில் அதைச் சுற்றிப் பார்த்தார்கள்?

ஓரமாக வைத்த கோபத்தை மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் தெரு அங்கன்வாடிக்கு நாளைக்கே போங்கள். தராசு வேலை செய்கிறதா, பிள்ளையை மாதம் ஒரு முறை நிறுத்துகிறார்களா, புள்ளி வைத்த அட்டையை உங்கள் கையில் தருகிறார்களா என்று கேளுங்கள். ஊழியரிடம் சண்டை போடாதீர்கள், அவருக்கு இருக்கிற பாரம் போதும். அட்டையை வாங்கி வந்து மைனிக்கும் மாமியாருக்கும் காட்டுங்கள்; கோடு ஏறுகிறது என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. சண்டையை ஓட்டுக் கேட்டு வருகிறவருக்காக வைத்திருங்கள். அவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி போட்டோ எடுப்பார். எடுக்கட்டும். கீழே இறக்கிவிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இவனுக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று 2017-ல் எழுதினீர்களே, அதை எப்போது மாற்றப்போகிறீர்கள்? தேதியைச் சொல்லும் வரை விடாதீர்கள்.